ஹியூகோ வுட்

ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட் (இறப்பு: டிசம்பர் 12, 1933) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய வன அதிகாரி ஆவார். கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைக் காடுகளில், வெட்டி அழிக்கப்பட்டிருந்த தேக்கு மரங்களை மீண்டும் வளர்த்தெடுத்தவர் என இவர் அறியப்படுகின்றார். இவரது கல்லறை பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள டாப்சிலிப்பில் அமைந்துள்ளது.

பின்னணி

ஆனைமலைத் தேக்கு 1840களின் இறுதியிலிருந்து பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்திற்காகப் பெருமளவில் வெட்டப்பட்டது. மலை உச்சியிலிருந்து மரங்கள் சமவெளிக்குச் சறுக்கி விடப்பட்டமையால் அவ்விடம் டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. பின்னர் இருப்புப்பாதைகள் வந்தபோது மரத்தின் தேவை மேலும் பெருகியது. சென்னையிலிருந்து ஈரோடு, சோமனூர், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை செல்லும் பாதை 1862இல் நிறைவடைந்தது. தண்டவாளங்களைத் தாங்கவும் எரிபொருளாகவும் மரமே பயன்பட்டது. 1882இல் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், வெட்டிய இடத்தில் காட்டை மீண்டும் எவ்வாறு உருவாக்குவது என்ற கேள்வி நீடித்தது.

ஆனைமலையில் பணி

வுட் 1915ஆம் ஆண்டளவில் கோயம்புத்தூர் தெற்கு வனக் கோட்டத்தின் பொறுப்பை ஏற்று டாப்சிலிப்பில் தங்கினார். மரத்தை வேரோடு அகற்றாமல், அடிக்கட்டையை விட்டு வெட்டும் முறையை இவர் கையாண்டார். கரும்பில் மறுதாம்பு விடுவதைப் போன்று, கட்டையிலிருந்து துளிர்த்து மரம் மீண்டும் வளரும். வெற்றிடங்களில் புதிதாகத் தேக்கு நடப்பட்டது.

நாள்தோறும் சட்டைப்பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு நடந்து, வெள்ளிப் பூண் இட்ட கைத்தடியால் குழியிட்டு விதைத்தார் என்பது இவரைப் பற்றிய புகழ்பெற்ற செவிவழிச் செய்தியாகும். ஆயினும் இத்தகைய காடு ஒருவரது கைத்தடியால் மட்டும் உருவாவதன்று. நிலத்தைச் சீர்செய்தல், கன்று காத்தல், தீத்தடுப்பு ஆகியவற்றிற்குப் பலரது உழைப்பு தேவை. காடர், மலசர் முதலிய பழங்குடியினர் இம்மலைகளை நன்கறிந்தவர்கள். மலசர்கள் யானைப் பாகர்களாகவும் விளங்குகின்றனர்.

மறைவு

வுட் 1926இல் ஓய்வு பெற்றுக் குன்னூரில் வாழ்ந்தார். காசநோயால் பாதிக்கப்பட்டிருந்தார் எனக் கூறப்படுகின்றது. 1933இல் மறைந்த இவரது உடல், இவரது விருப்பப்படி, தாம் வளர்த்த தேக்கு மரங்களிடையே அடக்கம் செய்யப்பட்டது. தம் நினைவுச்சின்னத்தைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்க வேண்டும் என்னும் பொருளுடைய இலத்தீன் வாசகம் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இவ்வாசகம் காணப்படுகின்றது.

மதிப்பீடு

வுட் காலத்தில் காட்டின் முதன்மைப் பயன் மரமே எனக் கருதப்பட்டது. வெட்டும் அளவுக்கேற்ப வளர்க்க வேண்டும் என்ற கொள்கையை நடைமுறைப்படுத்தியது இவரது சாதனை ஆகும். இன்று அதே காட்டிடம் வேறு பயன்களும் எதிர்பார்க்கப்படுகின்றன. 1960களில் செயற்படத் தொடங்கிய பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வழியே, ஆனைமலையின் நீர் பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளின் வயல்களுக்குப் பாய்கின்றது. இப்பகுதி 1976இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், பின்னர் ஆனைமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

தேக்கு மட்டுமே நிறைந்த தோட்டம் இயற்கைக் காட்டிற்கு ஈடாகாது. தேக்கு வறண்ட மாதங்களில் இலையுதிர்க்கும். அக்காலத்தில் உதிர்ந்த சருகில் தீ எளிதில் பரவும். சிங்கவால் குரங்கிற்கு இடைவெளியற்ற பசுமைமாறா மரக்கூரை வேண்டும். இருவாச்சிக்குக் கூடமைக்கப் பொந்துள்ள முதிர்ந்த மரங்களும், உணவிற்குப் பலவகைக் கனி மரங்களும் வேண்டும். ஆகவே மரம், நீர், உயிரினங்கள், பழங்குடியினரின் வாழ்வு ஆகிய அனைத்தையும் ஒருங்கே பேண, பல இன மரங்கள் கலந்த காடே ஏற்றது. வுட் வளர்த்த தேக்குகளிடையே பிற மரங்களும் இயல்பாக வளர இடமளிப்பது அவரது பணியை மறுப்பதன்று. அதன் அடுத்த கட்டமாகும்.