தீயில் பிறந்த தொண்டு
(பி.எஸ்சி., இரண்டாமாண்டு)

மண்ணில் பிறந்தோர் பலர். மக்கள் மனத்தில் நிலைத்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர், ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா போற்றும் மருத்துவர் யாரோமிர் முண்டி. விபத்து நடந்த இடத்திற்கே வண்டியோடு சென்று உயிர் காக்கும் பணியை, அரசாணைக்குக் காத்திராமல் பொதுத்தொண்டாகத் தொடங்கியவர் அவர்.

முண்டி 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், இன்று செக் நாட்டில் உள்ள மொராவியாவில், உயர்குடியில் பிறந்தார். முதலில் சமயக் கல்வி கற்றார்; பின்னர்ப் படையில் சேர்ந்தார். போர்க்களத்தில் கண்ட துன்பங்களுக்குப் பின் வாளை வைத்துவிட்டு மருத்துவ நூலை எடுத்தார். 1859-இல் பட்டம் பெற்றபோது வயது 35-ஐக் கடந்திருந்தது. கற்பதற்குக் காலம் கடந்துவிட்டது என்று அவர் எண்ணவில்லை.

மனநோயாளிகளைப் பூட்டி வைக்காமல் குடும்பங்களோடு வாழவிட வேண்டும் என்று வாதாடினார். 1870-71 போரின்போது பாரிசில் காயமுற்றோருக்குப் பணி செய்தார். காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் மருத்துவ இரயில்களை அமைப்பதிலும் உழைத்தார்.

1881 டிசம்பர் 8. வியன்னாவின் ரிங் நாடக அரங்கம் தீப்பற்றியது. எரிவாயு விளக்குகள் அணைக்கப்பட்டன, எங்கும் இருள். கதவுகளோ உட்புறமாகத் திறப்பவை! நெருக்கித் தள்ளிய கூட்டத்தின் முன் அவை திறக்கவில்லை. எல்லோரும் வெளியேறிவிட்டனர் என்று காவலர்கள் தவறாக நம்பியதால் மீட்புப் பணியும் தடைப்பட்டது. அரசுக் கணக்கின்படி மாண்டவர் 384 பேர்.

ஊரே அழுதது. முண்டியும் அழுதிருப்பார். ஆனால் அழுகையோடு நிற்கவில்லை. மறுநாளே வில்செக், லமெசான் என்னும் இரு பிரபுக்களுடன் சேர்ந்து வியன்னா தன்னார்வ மீட்புச் சங்கத்தை நிறுவினார். நன்கொடையே அதன் முதல். தொண்டே அதன் மூச்சு. குதிரை வண்டிகள் விபத்து நடந்த இடங்களுக்கு விரைந்தன. மருத்துவமனை வாசலுக்கு வருவோரை மட்டும் காப்பது போதாது, வர முடியாதவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. புடாபெஸ்ட் நகரமும் 1887-இல் இத்தகைய சங்கத்தை அமைத்தது. இன்று வியன்னா மாநகராட்சி நடத்தும் மீட்புப் பணி, தன் தொடக்கம் 1881 என்றே கூறிப் பெருமை கொள்கிறது.

1894 ஆகஸ்டு 23-இல், 71-ஆம் வயதில், முண்டி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தவரின் முடிவு இது! கைகொடுப்போருக்கும் ஒரு கை வேண்டும் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

மாணவ நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். படிப்பு வேலைக்கு என்று மட்டுமே எண்ணி வந்தேன். கற்ற கல்வி அடுத்தவர் உயிருக்கும் பயன்பட வேண்டும் என்பதை முண்டியின் வாழ்க்கை எனக்குக் கற்பித்தது. நாம் நாளையே சங்கம் அமைக்க இயலாது; ஆனால் முதலுதவி கற்கலாம். தெருவில் ஒருவர் விழுந்தால் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருவராக நில்லாமல், முதலில் ஓடும் ஒருவராக இருப்போம்!