சுவடி தேடிய சேனை அதிகாரி: காலின் மெக்கன்சி

1816ஆம் ஆண்டில் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் சென்னையில் தீட்டிய படம் ஒன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. செந்நிறச் சீருடையில் ஓர் அதிகாரி. அவரைச் சூழ இந்தியர் மூவர். பின்னணியில் கோமடேசுவரர் பெருஞ்சிலையும், உயர்ந்த கம்பத்தில் கூடை கட்டிய அளவைச் சைகைக் குறியும் தோன்றுகின்றன. ஒரு குன்றில் நிறுத்திய அக்குறியை மற்றொரு குன்றிலிருந்து தொலைநோக்கியால் பார்த்துக் கோணம் கணிப்பர்.

அவ்வதிகாரி காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர். 1783இல் சென்னை வந்து கும்பெனிச் சேனையில் சேர்ந்தார். தொடக்கத்திலேயே கோயம்புத்தூர், திண்டுக்கல் சீமைகளில் பணியாற்றினார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது நம் தாராபுரம். பின்னர்ப் பொறியியல் படையில் இருந்து 1799இல் சீரங்கப்பட்டணப் போரிலும் பங்கு கொண்டார். தொடர்ந்து சுமார் 40,000 சதுர மைல் பரப்புள்ள மைசூர் நாட்டை அளந்தார். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார்.

வரிக்கும் படைநடைக்கும் வேண்டியே கும்பெனியார் நிலத்தை அளப்பித்தனர். மெக்கன்சியோ கல்வெட்டையும் சுவடியையும் நாணயத்தையும் சேர்த்தே தேடினார். அவருக்கு இந்நாட்டு மொழிகளில் புலமை இல்லை. அவருக்குக் கண்ணும் நாவுமாய் இருந்தவர்கள் உதவியாளர்களே. காவலி வெங்கட போரய்யா மொழிபெயர்த்த சமணர் பற்றிய செய்திகள், ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ் 9ஆம் தொகுதியில் வெளிவந்தன. பழங்கன்னடக் கல்வெட்டுகளுக்குப் பொருள் கண்டவர் மலேயூர்ச் சமணப் பண்டிதர் தர்மய்யா. ஹிக்கியின் படத்தில் ஓலைச்சுவடியுடன் நிற்பவர் அவரே.

1821இல் மெக்கன்சி கல்கத்தா அருகே காலமானார். 8,000க்கும் மேற்பட்ட கல்வெட்டுப் படிகளும் 6,000க்கும் மேற்பட்ட நாணயங்களும் அடங்கிய தொகுப்பை அவர் மனைவியார் ஒரு லட்சம் ரூபாய்க்குக் கும்பெனி அரசிடம் விற்றார். போரய்யாவின் தம்பி லட்சுமய்யா அப்பணியைத் தொடர விழைந்து விண்ணப்பித்தார். ஆசியக் கழகத்தார் அவருக்கு அத்தகுதி இல்லையென மறுத்துவிட்டனர். வழிநெடுக ஊர் ஊராய்ச் சுவடி சேர்த்தவர் அவர் என்பதை எண்ணும்போது இம்முடிவு வருத்தமே தருகிறது.

தொகுப்பின் ஒரு பகுதி சென்னைக்குத் திரும்பியது. அதில் கிடைத்த கொங்குதேச ராஜாக்கள் என்னும் உரைநடைச் சுவடி, சமணத்தைப் போற்றிய கங்க மன்னர்களையும் கூறுவது. ஆயினும் அதன் ஆண்டுக்கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை. கோவை சி. எம். இராமச்சந்திரஞ் செட்டியார் பதிப்பித்து 1950இல் அச்சேறியது.