மன்றோ துரையின் பரம்பரைப் பட்டம்

சென்னை தீவுத்திடலருகே அங்கவடியில்லாத குதிரைமீது வீற்றிருக்கும் மன்றோ துரையைப் பார்க்காதவர் யார்? அங்கவடியைப் பற்றி ஊரே பேசுகிறது. அவருடைய பட்டத்தின் கதையையோ அறிந்தவர் சிலரே.

ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரில், 1761-ல் பிறந்தவர் தாமஸ் மன்றோ. அமெரிக்க யுத்தத்தில் தந்தையின் வியாபாரம் நொடித்தது. பிள்ளை கும்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து 1780-ல் சென்னைக்கு வந்தார். அதே வருஷம் ஹைதர் அலி படையெடுத்தார். பரங்கிமலையிலிருந்து காஞ்சிபுரம் போன சேனையில் மன்றோவும் இருந்தார். இன்று மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இவ்விரு ஊர்களுக்கும் நடுவே உள்ளது. செப்டம்பர் 10-ந் தேதி பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நிர்மூலமாயிற்று. பெரிய சேனையோ கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கியது.

பிறகு பாரமகாலில் ரீட் துரையின் கீழ் நிலவரி வேலை. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் குடியானவனிடமே சர்க்கார் வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அங்கேதான் வித்திடப்பட்டது. 1820-ல் மன்றோ சென்னை கவர்னரானார்.

அதற்கு முந்திய வருஷமே அவர் 'சர்' ஆகிவிட்டார். ஆனால் அது ஆயுட்காலப் பட்டம், ஆளோடு போய்விடும். 'பாரோனெட்' என்பது வேறு. பிரபு பதவிக்கு ஒரு படி கீழே. மூத்த மகனுக்குச் சொத்துப் போல இறங்கும்.

ஊர் திரும்ப அனுமதி கேட்டிருந்தார் மன்றோ. 1824-ல் பர்மா யுத்தம் மூண்டது. தங்கிவிட்டார். ஆளும் தளவாடமும் அனுப்பி உதவியதற்கு 1825-ல் கிடைத்தது லிண்டர்டிஸ் பாரோனெட் பட்டம். மறு வருஷம் நோயுற்ற கைக்குழந்தை காம்பெலுடன் மனைவி ஜேன் சீமைக்குக் கப்பலேறினார். மன்றோ அவர்களை மீண்டும் காணவில்லை. அடுத்த கவர்னர் வருமுன், தாம் கலெக்டராயிருந்த தெலுங்குச் சீமையை ஒருமுறை பார்த்துவரப் புறப்பட்டவர், 1827 ஜூலை 6-ல் பத்திகொண்டாவில் வாந்திபேதிக்குப் பலியானார். தங்கியதற்கு வந்த பட்டத்தை இரண்டே வருஷந்தான் சுமந்தார்!

எட்டு வயது மூத்த மகன் தாமஸ் இரண்டாவது பாரோனெட். அவர் 1901-ல் இறந்ததும் பட்டம் தம்பிக்கு வந்தது. அந்த நோயாளிக் குழந்தை காம்பெல்தான் அவர்! 1913 வரை வாழ்ந்தார். அவர் மகன் ஹியூ நான்காவது பாரோனெட். மலையேறுவதில் பித்துக் கொண்டவர். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை 1891-ல் பட்டியலிட்டார். அவற்றுக்கு இன்றும் அங்கே 'மன்றோ' என்றே பெயர்.