ஒரே ஒரு கைப்பை, 72 நாள், உலகம் முழுக்க!



நம் சுவர் இதழில் இதுவரை தலைவர்கள், விஞ்ஞானிகள் பற்றி நிறையப் படித்துவிட்டோம். இந்தத் தடவை நான் எழுதப் போவது நெல்லி பிளை என்ற பத்திரிகைக்காரப் பெண்ணைப் பற்றி. துணைக்கு ஒருத்தரும் இல்லாமல் உலகத்தையே சுற்றி வந்தவர் இவர். எவ்வளவு வேகமாகச் சுற்றினார் என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, கிளம்புறதுக்கு முன்னாடி அவர் செய்த வேலை!

யார் இவர்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1864-ம் ஆண்டு மே 5-ல் பிறந்தார். இயற்பெயர் எலிசபெத். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டதால் குடும்பம் கஷ்டப்பட்டது. பெண்கள் வீட்டு வேலைக்குத்தான் லாயக்கு என்கிற மாதிரி ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. அதைப் படித்துக் கொதித்துப்போய் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே 1885-ல் அவருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது. 1887-ல் நியூயார்க் வந்து, மனநோயாளி மாதிரி நடித்து, ஒரு மனநலக் காப்பகத்தில் 10 நாள் தங்கினார். உள்ளே பெண்கள் பட்ட பாட்டை அப்படியே எழுதினார். அதன்பிறகு விசாரணை நடந்தது, காப்பகத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் பணமும் கூடியது.

முதலில் காலஅட்டவணை!

ஜூல் வெர்ன் எழுதிய நாவலில் கதாநாயகன் 80 நாளில் உலகைச் சுற்றுவான். அதைவிடச் சீக்கிரமாகச் சுற்ற முடியுமா என்று 1888-ல் நெல்லிக்கு யோசனை வந்தது. உடனே ஆசிரியரிடம் ஓடவில்லை. கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்க் காலஅட்டவணைகளை வாங்கி, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். முடியும் என்று தெரிந்த பிறகுதான் போய்க் கேட்டார்.

பதில் என்ன தெரியுமா? பெண் தனியாப் போக முடியாது, துணை வேணும், பெட்டி பெட்டியாச் சாமான் வேற வரும், அதனால ஆம்பளையைத்தான் அனுப்புவோம்னு சொல்லிட்டாங்க. அப்படி அனுப்பினால் அதே நாளில் வேறு பத்திரிகைக்காக நான் கிளம்பி அவரை ஜெயிப்பேன் என்றார் நெல்லி. ஒரு வருஷம் கழித்துத்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் இரண்டே நாளில் கிளம்பணும்!

பை சின்னது

சாமான் அதிகம் என்று சொன்னவர்களுக்குப் பதில் அவருடைய பைதான். 16 அங்குல அகலம், 7 அங்குல உயரம். அதற்குள் இரண்டு தொப்பி, செருப்பு, மாற்று உள்ளாடைகள், கைக்குட்டை, ஊசி நூல், பேனா, மை, காகிதம், ஒரு குவளை. கெட்டியான துணியில் ஒரே நாளில் ஒரு கவுன் தைக்கச் சொல்லி, அதையே போட்டுக்கொண்டார். கொண்டுபோன 200 பவுனில் தங்க நாணயத்தைச் சட்டைப்பையிலும், நோட்டுகளைக் கழுத்தில் கட்டிய தோல் பையிலும் பிரித்து வைத்தார். துப்பாக்கி எடுத்துப் போகச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

1886-ல் மெக்சிகோ போனபோது அம்மா கூட வந்தார். இப்போது யாரும் இல்லை. 1889 நவம்பர் 14 காலை கப்பல் புறப்பட்டது. அதுவரை கடலில் போனதே இல்லாததால் ஒரே வாந்தி!

திட்டம் தடுமாறினபோது

இங்கிலாந்து, பிரான்ஸ் (அங்கே ஜூல் வெர்னையே சந்தித்தார்), இத்தாலி, சூயஸ், ஏடன் வழியாகக் கொழும்பு வந்தார். அங்கே வேறொரு கப்பல் வந்து சேரும்வரை 5 நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அந்த நாளில் கண்டி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஹாங்காங் போனதும் இன்னொரு அதிர்ச்சி. எலிசபெத் பிஸ்லண்டு என்ற பெண்ணை வேறொரு பத்திரிகை எதிர்த்திசையில் அனுப்பியிருந்தது. அவர் 3 நாள் முன்பே அந்த ஊரைக் கடந்துவிட்டார். நெல்லி கலங்கவில்லை, தன் வழியில் போனார். அமெரிக்காவில் பனி ரயில்பாதையை மூடியபோது, தெற்கு வழியாகத் தனி ரயில் விட்டார்கள். 1890 ஜனவரி 25-ல் ஊர் திரும்பினார். மொத்தம் 72 நாள், 6 மணி, 11 நிமிடம். பிஸ்லண்டுக்கு 76 நாள் ஆனது.

நான் எடுத்துக்கொண்டது

வரும் விடுமுறையில் முதல்முறையாக, தனியாக, பெரியம்மா ஊருக்குப் போக நான் அனுமதி கேட்டிருக்கிறேன். இரண்டு பஸ் மாறணும். அம்மா பயப்படுகிறார், அது நியாயம்தான். அதனால் வாதம் செய்யாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எந்த பஸ், எத்தனை மணி, அதை விட்டால் அடுத்தது எது, பணம் எந்த இரண்டு இடத்தில், எங்கிருந்து போன் பண்ணுவேன். அப்பா படித்துவிட்டு யோசிக்கலாம் என்றிருக்கிறார். முன்பெல்லாம் கேட்ட உடனே கூடாதுன்னு சொல்வார்!

தோழிகளே, தைரியம் மட்டும் போதாது, திட்டமும் வேணும். திட்டம் இருந்தால் மறுப்பவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

உங்களுக்குத் தெரியுமா?

* நெல்லியின் சாதனையை அதே 1890-ல் வேறொருவர் முறியடித்துவிட்டார். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது நெல்லியைத்தான்.
* முதல் உலகப்போரின்போது ஆஸ்திரியப் போர்முனையிலிருந்து செய்தி எழுதினார்.
* 1922 ஜனவரி 27-ல் நியூயார்க்கில் காலமானார்.



– பத்தாம் வகுப்பு மாணவி