ஒரே தாவலில் உலக சாதனை... விபத்தில் பறிபோன கால்! யார் இந்த ‘தாவல் ஜோவாவ்’?

டிரிபிள் ஜம்ப் எனப்படும் மும்முறை தாண்டுதலில் உலக சாதனை முறியடிக்கப்பட்டால், பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான் கூடும். ஆனா, 1975-ல் ஒருத்தர் ஒரே தாவலில் 45 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை அடி கூட்டினார். அவர்தான் பிரேசிலின் ஜோவாவ் கார்லோஸ் டி ஒலிவேரா.

மெக்சிகோ சிட்டியில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் அவர் தாண்டியது 17.89 மீட்டர். அப்போ வயசு 21. சோவியத் வீரர் சனேயெவின் 17.44 மீட்டர் சாதனை காலி! அதன் பிறகு பிரேசில் மக்கள் அவரை ‘ஜோவாவ் டோ புலோ’, அதாவது தாவல் ஜோவாவ் என்றே கூப்பிட்டாங்க.

ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைகூடலை. 1976 மான்ட்ரியலில் வெண்கலம். 1980 மாஸ்கோவில் அவரது பல தாவல்களை நடுவர்கள் ஃபவுல் என அறிவிக்க, மறுபடியும் வெண்கலம்தான். தங்கமும் வெள்ளியும் போட்டியை நடத்திய சோவியத் நாட்டு வீரர்களுக்கே போனதால், அது இன்றும் சர்ச்சைதான்.

அடுத்த ஒலிம்பிக் வாய்ப்பு வரவே இல்லை. 1981 டிசம்பரில் கார் விபத்து. வலது காலையே எடுக்க வேண்டியதாயிற்று. வயசு வெறும் 27. பிறகு சாவ் பாலோ மாநில சட்டமன்ற உறுப்பினர் ஆனார். கடைசிக் காலத்தில் பணக் கஷ்டமும் குடிப்பழக்கமும் வாட்ட, 1999 மே 29-ல், தனது 45-வது பிறந்தநாளுக்கு மறுநாள் இறந்தார்.

ஆனா, கால் போன பிறகும் சாதனை நின்றது. 1985-ல் அமெரிக்காவின் வில்லி பேங்க்ஸ் 17.97 மீட்டர் தாண்டும் வரை, அந்த 17.89-ஐ யாராலும் தொட முடியலை.