டார்வினின் பகலும் இரவும்

பெரியோர் சரித்திரங்களைப் படிக்குங்கால் அவர்தம் பகற்பொழுதையே நாம் பெரிதும் காண்கின்றோம். அவர்கள் எழுதிய நூல்களும், கண்ட உண்மைகளும், பெற்ற சிறப்புக்களும் நம் கண்முன் நிற்கின்றன. அவர்கள் இரவை எவ்வாறு கழித்தனர் என வினவுவார் சிலரே. உயிர்நூற் புலவராகிய சார்ல்ஸ் டார்வினுடைய சரித்திரத்திலோ, இரவை விடுத்துப் பகலை அறிதல் இயலாது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவர் நோயாளியாகவே வாழ்ந்தார். உறங்கவேண்டிய பொழுதில் உறக்கமும், உழைக்கவேண்டிய பொழுதில் வலிமையும் அவர்க்கு எளிதிற் கிட்டவில்லை. அந்நிலையில் அவர் தம் நாளை வகுத்துக்கொண்ட முறையையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12இல் இங்கிலாந்திலுள்ள ஷ்ரூஸ்பரி நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவமும், பின்னர்க் கேம்பிரிட்ஜில் கலைகளும் பயின்றார். 1831 டிசம்பரில் பீகிள் என்னுங் கப்பலிலேறி, ஏறக்குறைய ஐந்தாண்டுகள் உலகைச் சுற்றினார். கடலில் தலைசுற்றலும் வாந்தியும் அவரை வருத்தினவேனும், கரையில் அவர் கட்டிளங்காளையாகவே திரிந்தார். தென் அமெரிக்கப் புல்வெளிகளிற் குதிரையூர்ந்தார். ஆண்டிஸ் மலையைக் கடந்தார். 1836 அக்டோபரில் ஊர் திரும்பினார். மறு ஆண்டிலேயே நெஞ்சுத் துடிப்புத் தொடங்கிற்று. 1839இல் எம்மா வெட்ஜ்வுட் என்னும் அம்மையாரை மணந்தார். நோய் மிகவே, 1842இல் இலண்டனை விடுத்துக் கெண்ட் நாட்டிலுள்ள டௌன் என்னுஞ் சிற்றூரிற் குடிபுகுந்து, இறுதிவரை ஆங்கே வாழ்ந்தார்.

வாந்தி, நடுக்கம், தலைக்கிறக்கம், அளவிறந்த களைப்பு ஆகியவை அவரை விடாது பற்றின. நண்பரோடு அரைமணி நேரம் கூடுதலாகப் பேசினும், அன்றிரவு உறக்கம் ஒழியும். மறுநாள் வேலையும் கெடும். அவருடைய கொள்கையைப் பற்றி 1860இல் ஆக்ஸ்போர்டில் பெரும் வாதம் நிகழ்ந்தபோது, அவர் நீர்ச் சிகிச்சை நிலையமொன்றில் இருந்தார். 1864இல் ராயல் சங்கத்தார் தம் உயர்ந்த பரிசாகிய காப்ளி பதக்கத்தை அவர்க்கு அளித்த நாளிலும் அவர் நேரிற் செல்லக் கூடவில்லை.

இரவிலோ, படுக்கையில் எழுந்து உட்கார்ந்தபடி பல மணி நேரத்தைக் கழிப்பார். விலக்க விரும்பினும் விலகாத ஆராய்ச்சிச் சிக்கலொன்று அவர் உள்ளத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும். தொல்லை தரும் ஒருவர்க்கு விடையெழுதாது விட்ட சிறு செய்தியும் இரவில் வந்து உறுத்தும். ஆகவே வந்த கடிதங்கட்கெல்லாம் அவர் தவறாது விடையளித்து வந்தார்.

1849இல் மால்வர்ன் என்னும் ஊரிலிருந்த கல்லி என்னும் மருத்துவரிடம் சென்று, குளிர்நீர்ச் சிகிச்சையைச் சில மாதங்கள் மேற்கொண்டார். முதலில் நலமுண்டாயிற்று; பின்னர் நோய் திரும்பியது. அவ்வாண்டு முதல் 1855இன் தொடக்கம் வரை ஒரு நோய்க்குறிப்பேடும் எழுதினார். ஒவ்வொரு பகலும் ஒவ்வோர் இரவும் எவ்வாறு கழிந்தனவென்று அதிற் பதிந்தார். நல்ல நாட்களுக்கு இரட்டைக் கோடிட்டு, மாத முடிவில் அவற்றை எண்ணினார். பூச்சியையும் பூவையும் கூர்ந்து நோக்கிய அதே கண்ணால் தம் உடம்பையும் நோக்கினார்.

அந்நோக்கின் பயனே அவருடைய நாள்முறை. விடியலில் சிறிது நடந்து, 7 மணி 45 நிமிடத்திற்குத் தனியே சிற்றுண்டி கொள்வார். 8 மணி முதல் 9½ மணி வரை முதல் வேலை. பின்னர் ஒரு மணி நேரம் கடிதங்களைப் படிக்கக் கேட்டு ஓய்ந்திருப்பார். 10½ மணி முதல் நண்பகல் வரை இரண்டாம் வேலை. அத்துடன் அந்நாளின் கடமை முடிந்ததென மனநிறைவு கொள்வார். பின்பு தோட்டத்தையடுத்த மணற்பாதையிற் சுற்றி வருவார். ஒரு சுற்றுக்கு ஒரு கல்லாகக் காலால் தள்ளி, சுற்றுக்களைக் கணக்கிடுவதுமுண்டு. பகலுணவுக்குப்பின் செய்தித்தாளும் கடிதங்களும். 3 மணிக்கு ஓய்வு. 4½ மணிக்கு மீண்டும் ஒரு மணி நேர வேலை. 6 மணியளவில் மறுபடியும் ஓய்வு.

ஓய்வுவேளையில் எம்மா அம்மையார் நாவல் படிப்பார். கேட்டவாறே டார்வின் பலகாலும் உறங்கிவிடுவார். குரல் நின்றால் அவ்வுறக்கம் கலையுமென்று அஞ்சி, அம்மையார் நிறுத்தாது படித்துக்கொண்டே செல்வார். கதையின் நடுப்பகுதி போயிற்றே என்று டார்வின் பின்னர் வருந்துவார். இரவில் பாக்காமன் என்னும் பகடையாட்டம் இரண்டு ஆடுவர். 1876 அளவில் அம்மையார் 2,490 ஆட்டமும் தாம் 2,795 ஆட்டமும் வென்றதாக டார்வின் கணக்கு வைத்திருந்தார். பியானோ இசை கேட்டு, 10½ மணிக்குள் படுக்கை சேர்வார்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்தவை நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே. அவையும் பல நாட்களிற் கிட்டா. கப்பலடியிலும் பாறையிலும் ஒட்டி வாழும் கொட்டலசுகளைப்பற்றி எட்டாண்டுகள் ஆராய்ந்தார். அவற்றுள் ஏறத்தாழ இரண்டாண்டுகளை நோய் விழுங்கிற்று. எனினும் 1859இல் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1881இல் மண்புழுக்களைப் பற்றிய நூலும் வந்தது. 1882 ஏப்ரல் 19இல் காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவருடைய நோய் இன்னதென்று அவர்காலத்து மருத்துவர் துணிந்திலர். பிற்காலத்தாரும் ஒருமுகமாய்த் துணிந்திலர். தென் அமெரிக்கப் பூச்சியால் வரும் சாகாஸ் நோய் என்பர் சிலர். பால் செரியாமை என்பர் சிலர். நாட்பட்ட சோர்வு நோய் என்பாரும் உளர். இறந்தவர் நாடியைப் பிடித்துப் பார்த்தல் இயலாதாதலின், நாம் அவ்வழக்கில் தீர்ப்புக் கூறோம். ஆயினும் இச்சோர்வு நோயுடையார்க்கு அவர் வாழ்வு அயலானதன்று. எத்துணை நேரம் உறங்கினும் களைப்பு ஆறாமையும், சிறு உழைப்பிற்குப்பின் உடல்நிலை தாழ்ந்துவிடுதலும் இந்நோயின் தலையாய குறிகளென 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தார் வகுத்தனர். உடற்பயிற்சியை நாளுக்குநாள் கூட்டினால் நோய் தீருமென்னும் பழைய முறையை 2021இல் இங்கிலாந்தின் நைஸ் என்னும் நிறுவனம் விலக்கிற்று. உள்ள வலிமையின் எல்லையறிந்து, அதற்குள் உழைத்தலும் ஓய்தலுமே இப்போது கூறப்படும் நெறி. பகலுறக்கம் சிலர்க்கு உதவும், சிலர்க்கு இரவைக் கெடுக்கும். ஆதலின் உறக்க வழக்கத்தை மருத்துவரோடு கலந்து சிறிது சிறிதாகவே மாற்றுதல் வேண்டும்.

டார்வினுடைய ஒழுங்குமுறை அவர் நோயைத் தீர்க்கவில்லை. நல்லுறக்கத்தையும் நாள்தோறும் தரவில்லை. நோய் விட்டுவைத்த சில மணிகளைச் சிதறாமற் காத்தது, அவ்வளவே. அதற்கும் தந்தையார் அளித்த செல்வமும், மனைவியாரின் ஓயாத துணையும் தேவையாயின. அச்செல்வமும் துணையும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நம் விடுதியிலோ வகுப்பிலோ இரவெல்லாம் விழித்து, பகலிற் சோர்ந்து கிடக்கும் மாணவர் ஒருவர் இருத்தல் கூடும். அவரைச் சோம்பேறியென்று இகழுமுன், நாற்பதாண்டு நோயாளியாகிய இப்புலவரை நினைவோமாக; நாவலை நிறுத்தாது படித்த அவ்வம்மையாரையும் நினைவோமாக.