வண்ணம் கற்ற துறவி

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுவை நகரம் துணி வாணிகத்தாற் சிறந்து விளங்கியது. சோழமண்டலக் கடற்கரையில் கையால் தீட்டப்பெற்ற வண்ணத் துணிகளை ஐரோப்பியர் பெரிதும் விரும்பினர். பலமுறை துவைத்தும் அவற்றின் நிறம் மங்கவில்லை. தன் நாட்டு நெசவு நலியுமென அஞ்சிய பிரெஞ்சு அரசு, 1686ஆம் ஆண்டில் அவற்றைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தும் மக்களின் வேட்கை தணியவில்லை. அவ்வண்ணங்களின் நுட்பத்தை முயன்று கற்று எழுதி வைத்தவர் கேர்தூ அடிகளார்.

அடிகளார் 1691ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பூர்ஜ் நகரில் பிறந்தார். இயேசு சபையிற் சேர்ந்து துறவு பூண்ட அவர், 1732ஆம் ஆண்டில் இந்தியா வந்து, புதுவையைத் தலைமையிடமாகக் கொண்ட சமயப் பணியில் ஈடுபட்டார். தெலுங்கிலும் வடமொழியிலும் புலமை பெற்றார். துணியில் ஓவியம் தீட்டும் கைவினைஞர் சிலர் கிறித்தவராகி அவரோடு பழகினர். பேரறிஞராகிய அவர், அவர்களிடம் மாணாக்கரைப் போல் கேட்டறிந்து, 1742ஆம் ஆண்டில் நீண்ட மடலொன்று எழுதிப் பிரெஞ்சு நாட்டிற்கு அனுப்பினார்.

கைவினைஞர் முதலில் பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, தீட்டும் நீர் பரவாமல் தடுக்கும். பின்னர், தாளில் வரைந்த உருவத்தின் கோடுகளை ஊசியால் துளைத்து, அதன்மேல் கரித்தூளைத் தட்டித் துணியில் பதிப்பர். இரும்பு ஊறிய புளித்த நீரால் கோடு தீட்டினால், அது கடுக்காயுடன் கூடிக் கருநிறமாகும். செந்நிறம் வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டிச் சாயவேர் இட்ட நீரில் துணியைக் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடமே சிவப்பை உறுதியாகப் பற்றும். பிற இடங்களில் ஏறிய சாயம், ஆட்டுப்புழுக்கை கரைத்த நீரில் ஊறி வெயிலில் காய நீங்கிவிடும். நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, அவுரிச் சாயத்தில் தோய்ப்பர். இத்தனைக்கும் அவர்களுடைய எழுதுகோல் ஒரு மூங்கிற் குச்சியே!

அம்மடல் அச்சேறி ஐரோப்பியச் சாயத் தொழிலுக்குத் துணையாயிற்று. பின்னாளில் அந்நாட்டு ஆலைகளின் மலிவான துணிகள், நம் கைவினைஞர் பலரின் வாழ்வை நலிவித்தன. தம் தொழில் நுட்பத்தை மறைக்காது வழங்கியவர்களின் பெயர்களை உலகம் அறியவில்லை.

அடிகளார்க்கும் அத்தகைய நிலையே நேர்ந்தது. வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் உறவுடைய மொழிகள் என்பதை அவர் 1767ஆம் ஆண்டிலேயே பாரிசு அறிஞர்களுக்கு எழுதினார். அம்மடல் 1808 வரை அச்சேறவில்லை. இதற்கிடையே, 1786ஆம் ஆண்டில் அக்கருத்தை உரைத்த வில்லியம் ஜோன்ஸ் பெரும்புகழ் எய்தினார். அடிகளார் 1779ஆம் ஆண்டில் புதுவையிலேயே காலமானார்.

கற்பித்தவர் பெயர் மறைந்தது. கற்றவர் புகழும் நெடுங்காலம் மறைந்திருந்தது. அவர்கள் விட்டுச்சென்ற அறிவோ, அத்துணிகளின் வண்ணம் போல இன்றும் மங்காது விளங்குகின்றது. அறிவைப் பெற்றவர், அதனை அளித்தவரை மறவாதிருத்தல் கடனாகும்.